உரிமையாளர் பெயரில் மாற்றம் இல்லை

மகனே,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் போட்டு நன்றாக ஒட்டி, மேலே 'அம்மாவுக்கு மட்டும்' என்று எழுதி அனுப்பியிருந்தாய். பதிலை நான் உறையில் போடப்போவதில்லை. அச்சில் போடுகிறேன். 'கைமுதல்' மார்ச் இதழைப் பிரித்தால் முதலில் இதுதான் இருக்கும். கோயம்புத்தூரில் உன் பேங்குக்கு எதிர்க்கடையிலும் இதழ் தொங்கும், உன்னோடு வேலை பார்ப்பவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். நீ கேட்டிருப்பது என் கழுத்துச் சங்கிலியை அல்ல, ஒரு பத்திரிகையை. அதற்குச் சந்தா கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் உன்னோடு இரகசியம் பேச எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பா வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்துக்கொண்டிருக்கிறார். நாலு வரிக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார். "ஏம் புள்ளே, பையன் மனசு நொந்துக்குவானே" என்றார். "நோகட்டும், எனக்கும் நொந்துச்சே" என்றேன். மனிதர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நீ கேட்டது என்னவென்று வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வைகாசியில் கல்யாணம். பெண்ணின் அப்பா பாலக்காட்டில் பெரிய சீட்டுக் கம்பெனி நடத்துகிறவர். நம் பக்கத்தில் குறிக் கம்பெனி என்போம். கல்யாணத்துக்கு முன்பே 'கைமுதல்' உன் பேருக்கு மாற வேண்டும் என்று அவர் விரும்புகிறார். பேர் உன்னுடையதாக இருக்கும், நடத்துவது அவராக இருக்கும், பின்னட்டையிலிருந்து முன்னட்டை வரை அவருடைய கம்பெனி இருக்கும். இதையெல்லாம் நீ இத்தனை பச்சையாக எழுதவில்லை. அம்மாவுக்கு வயதாகிறது, மலைக்கும் சமவெளிக்கும் பஸ்ஸில் அலைந்தது போதும், இனி ஓய்வு எடுக்கலாம் என்று பக்குவமாக எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "பத்திரிகை உங்கள் பேரில் இருந்தால் என்ன, என் பேரில் இருந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே அம்மா?" அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அதே வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். நீ கேட்டதில்லை, அதனால்தான் இத்தனை சுலபமாக எழுதிவிட்டாய். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் உன் சிரிப்பைப் பற்றிப் பேச வேண்டும். போன மாதம் பெண்ணின் அப்பா, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இந்தச் சித்தூரில் இருக்கிற நம் வீட்டுக்கு வந்தார் அல்லவா? முன்னறையில் அச்சு இயந்திரம், பின்னறையில் கட்டில், நடுவில் காகிதக் கட்டு. காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் செல்வம் சேக்கறது எப்படீன்னு பொஸ்தகம் போடறீங்க. உங்க ஊட்டு மேல ஒரு கான்கிரீட்டுக்கு வழியில்லீங்களே?" என்றார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டுக்கு வந்தவர் நாலும் சொல்வார். ஆனால் நீ சிரித்தாய். அவருக்காகச் சிரித்த சிரிப்பா, உனக்கே அப்படித்தான் தோன்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு வலித்தது. அன்று அவருக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு முறுக்கை எடுத்து வைத்தேன். பதில் இல்லாததால் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதே.

எனக்குப் பணம் பிடிக்கும். இதை எழுதவே வெட்கப்படுகிற ஊரில் நான் பல வருஷமாக இதை அச்சிட்டு விற்கிறேன். கான்கிரீட் வீடு பிடிக்கும், பட்டுப்புடவை பிடிக்கும், பஸ்ஸில் நிற்காமல் காரில் போவதும் பிடிக்கும். வறுமைதான் உத்தமம் என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியவர்களில் பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்ததும் இல்லை. ஆனால் பணக்காரர் ஆவது எப்படி என்றும் நான் எழுதியதில்லை. உழைத்துச் சேர்த்தது உழைத்தவள் கையைவிட்டு எப்படி நழுவுகிறது என்றுதான் இதழுக்கு இதழ் எழுதினேன். இந்த வித்தியாசம் சீட்டுக் கம்பெனிக்காரருக்குப் புரியாமல் போகலாம். இந்தக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் தூங்கி எழுந்து வளர்ந்த உனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் அப்பாவை, உன் தாத்தாவை, உனக்குக் கடைசிக் காலத்தில்தான் தெரியும். மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஆலைக்குள் கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு முன்னால், வாலிபத்திலிருந்து நரை விழும் வரைக்கும் நின்றவர். அங்கே தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், லயத்தில்தான் நான் பிறந்தேன். எஸ்டேட்டுக்கு நோட்டும் படிவமும் அச்சடித்துக் கொண்டுவந்த சித்தூர் அச்சுக்காரர் திரும்பிப் போகும்போது என்னையும் கொண்டுபோனார். அவர்தான் இப்போது இந்த வரியைக் கோக்கச் சங்கடப்படுகிறவர். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் ஒரே கனவு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், அதனால் திருநெல்வேலிச் சீமையில் பூர்வீக ஊரில் ஒரு வீடு. மலையில் பிறந்து மலையில் பிள்ளை பெற்று மலையிலேயே செத்தவர்களும் 'ஊருக்குப் போகணும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வந்ததும் ஊரில் இருக்கிற அண்ணனுக்கோ மாமனுக்கோ மணியார்டர் போகும். என் அப்பாவும் சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்த தன் அண்ணனுக்கு அனுப்பினார். எங்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்காத வருஷத்திலும் அனுப்பினார். வீடு எழும்பியது. கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவர் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "வாசலுக்கு மேல சிமெண்டுல எம் பேரு போட்டிருக்கான் எங்க அண்ணாச்சி. கையால தடவிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எழுபதுகள் தொடங்கிய சமயத்தில் அவருக்கு வேலை முடிந்தது. என் அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். அவரை ஊரில் கொண்டுபோய்விட நான்தான் கூடப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த ஊருக்குப் போனது அதுதான் முதல்முறை. டிரங்குப் பெட்டியைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு அப்பா என் தோளைத் தட்டினார். "ஏட்டி, வாசலுக்கு மேல பாத்தியா? எம் பேரு எப்படி எழுதியிருக்குன்னு சத்தமா வாசி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். அண்ணாந்து பார்த்தேன். பெரியப்பாவின் பேர் இருந்தது. முன்னாலும் பின்னாலும் தேடினேன், வேறு எழுத்தே இல்லை. பொய்யாக வாசித்திருக்கலாம். அந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக உள்ளே போயிருப்பார். நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். வாசலுக்கு வந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், கண்ணீர்கூட விட்டார். "ஏல தம்பி, ஒம் பேருன்னா என்ன, எம் பேருன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதானல?" என்றார். பத்திரமும் அவர் பேரில், வரி ரசீதும் அவர் பேரில். அப்பாவுக்கு மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய பணத்தில் கட்டிய வீட்டில் அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதைப் பார்த்தேன். மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, "வாங்கப்பா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன். "எந்த வீட்டுக்குட்டி?" என்று கேட்டார். "எம் பேருல இன்னும் ஒண்ணும் இல்ல. இனிமே இருக்கும்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பஸ் சித்தூர் வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் பத்திரிகையாகிவிட்டது.

உன் அப்பா தடை சொல்லவில்லை. "பத்திரிகை போடலாம், என்ர பேர்ல எழுதிக் குடுத்தர்லாம். பொம்பளை பேர்லீன்னா ஆபீசுல இழுத்தடிப்பாங்க" என்றார், நல்ல எண்ணத்தில்தான். அச்சகம் அவர் பேரில் இருக்கட்டும், பத்திரிகை என் பேரில்தான் என்றேன். பாலக்காட்டில் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த காலி இடத்தையும் பார்த்தார். "பர்த்தாவு எவிடே?" என்றார், புருஷன் எங்கே என்று. "வெளியில் நிற்கிறார், செருப்பைப் பார்த்துக்கொள்கிறார்" என்றேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன்; அது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பல நடைக்குப் பிறகு முத்திரை விழுந்தது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி முடிந்து வருகிற இதழில், அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், உரிமையாளர் யார் என்று எல்லோருக்கும் தெரிகிறாற்போல அச்சிட்டாக வேண்டும். மற்றவர்கள் அதைப் பொடி எழுத்தில் மூலையில் போடுவார்கள். நான் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். முதல் தடவை போட்டபோது உன் தாத்தா விரலை நீட்டி, "இதுல ஒம் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஈரம் காயாத தாளைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்ப்பார், விரலில் மை ஒட்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மை விரலைப் பார்த்துச் சிரிப்பாய். அது நல்ல சிரிப்பு.

எஸ்டேட்டில் சம்பள நாள் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் வாசலில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற பெண்கள், அவர்களுக்காக எதிரே வரிசையாகக் காத்திருக்கிற ஆண்கள். தவணைத் துணிக்காரர், வட்டிக்காரர், குறி ஏஜெண்டு, சாராய வாசனையோடு சொந்தப் புருஷன். அந்த வரிசையின் கடைசியில் நானும் போய் நின்றேன். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பஸ்ஸில் வந்து, சின்னாறு செக்போஸ்டில் கடத்தல் அரிசி இருக்கிறதா என்று கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களிடம் ஓர் இதழைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய நாட்கள் அவை. வரிசையில் மற்றவர்கள் வாங்குவதற்கு நின்றார்கள், நான் விற்பதற்கு நின்றேன். வேலையை மேற்பார்க்கிற எஸ்டேட் கண்டக்டர் வந்து, இங்கே கூட்டம் சேர்க்கக் கூடாது என்று விரட்டினார். யூனியன்காரத் தம்பி வந்து, "ஏக்கா, தொழிலாளிய முதலாளி ஆக்கப் பாக்கீயளா? ஒங்கள யாரு அனுப்புனா?" என்றார். "எங்கப்பன் அனுப்புனாரு. ஒனக்கு ஊர்ல வீடு இருக்கால? பத்திரம் யாரு பேருல?" என்று கேட்டேன். தம்பி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அடுத்த மாதம் கேட்காமலே ஓர் இதழ் வாங்கிக்கொண்டார். முதலாளி பக்கத்திலிருந்தும் திட்டு, தொழிலாளி பக்கத்திலிருந்தும் திட்டு. இரண்டு பக்கமும் திட்டினால் வழி தவறவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டுரைகளைத்தான் பிற்பாடு 'யார் பேரில்?' என்று புத்தகமாகப் போட்டேன். செல்வத்தைப் பற்றிப் புத்தகம் என்றதும் எத்தனை பேர் மூக்கைச் சுளித்தார்கள்! பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் ஒரு பெரியவரிடம் முன்னுரை கேட்டுப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பக்தி, சமையல்னு ஏதாவது போடுங்கோளேன். பணத்தைப் பத்தி ஸ்திரீகள் எழுதினா அவ்வளவா நன்னா இருக்காதும்மா" என்றார். முன்னுரை கிடைக்கவில்லை. ஆனால் பத்திரிகைக்கு முதல் ஆயுள் சந்தா அவரிடமிருந்துதான் வந்தது. வெளியில் பேர் தெரியாமல் பழுப்பு உறையில் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு குறிப்போடு. எஸ்டேட்டில் பெண்கள் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள். அவரவர் பேரில் போஸ்டாபீசில் கணக்கு ஆரம்பிக்கப் போய் வரிசை வாசல் தாண்டி நின்றது. ஒருநாள் ஒரு புருஷன் மலையிலிருந்து இறங்கி நம் அச்சகத்துக்கே வந்து, "எம் பொண்டாட்டிக்கு என்னத்தக் கத்துக் குடுத்திய? பாஸ்புக்கக் காட்டச் சொன்னா காட்ட மாட்டேங்கா!" என்று கத்தினான். உன் அப்பா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எனக்கும் காட்டறதில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். வீட்டைக் கெடுக்கிறவள் என்று எனக்குப் பேர் வந்தது. இருக்கட்டும். அப்படிக் கெட்டுப்போன வீடுகளில் பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

இப்போது உன் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். நீ பள்ளி இறுதி முடித்த வருஷம் ஒரு குறிக் கம்பெனிக்காரர் நம் வீட்டு வாசலில் கார் நிறுத்தினார். பின்னட்டையை ஆண்டு முழுவதும் தன் விளம்பரத்துக்கே கொடுத்தால் கேட்ட பணம் தருவதாகச் சொன்னார். புது இயந்திரம் வாங்கலாம், உன்னைக் கோயம்புத்தூர் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்கலாம். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும். நான் மாட்டேன் என்றேன். அவர் கார் ஏறிப் போனார், நீ சித்தூர் அரசுக் கல்லூரிக்கு நடந்து போனாய். பேசாமல் சாப்பிட்டாய், பல நாள். அந்த மனிதர்தான் இன்று உனக்கு மாமனாராகப் போகிறவர். அன்று பின்னட்டையைக் கேட்டவர் இன்று பத்திரிகையையே கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கம்பெனி மூழ்கிவிடும், நான் சொன்னது பலிக்கும் என்று யாராவது காத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். கம்பெனி மூழ்கவில்லை. நன்றாக நடக்கிறது, இன்னும் கிளை திறக்கிறது. அவர் யாரையும் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை, அப்படி எழுதவும் மாட்டேன். அன்று மறுத்தது அவர் யோக்கியதையைப் பார்த்து அல்ல. சம்பள வாசலில் பணம் வாங்க நிற்கிற யாருடைய காசு என் பின்னட்டையில் ஏறினாலும், மறுமாதம் அந்தப் பெண்களிடம் 'ரசீதைக் கேட்டு வாங்கு, விதியைப் படித்துப் பார்' என்று சொல்ல எனக்கு வாய் எழாது. உன் படிப்புக்காகவாவது வளைந்திருக்கலாமே என்று நீ இன்றும் நினைக்கிறாய். உனக்குக் கிடைக்காதது எனக்கு வலிக்காமல் இல்லை மகனே, நீ இன்ஜினீயர் சட்டை போட்டுப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்காக என்னிடம் மன்னிப்பை எதிர்பார்க்காதே. அந்தக் கார் நாளைக்கு மறுபடி வாசலுக்கு வந்து நின்றாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். வேண்டாம் என்று சொல்ல முடிகிற அளவுக்கு என்னிடம் செல்வம் இருக்கிறது என்று அவரிடம் சொல். ஓட்டுக்கூரைக்குக் கீழேயும் அது இருக்கும்.

உனக்குச் சொல்ல எனக்கு வேறு பெரிய புத்தி ஒன்றும் இல்லை. உன் சம்பளம் உன் பேரில் இருக்கட்டும், அவள் சம்பாதித்தால் அது அவள் பேரில் இருக்கட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவது இரண்டு பேர் பேரிலும் இருக்கட்டும். பேரைக் கேட்பது அன்பில்லாத்தனம் என்று யாராவது சொன்னால் அவர்கள் பேரில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேள். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று பேரை வாங்கிக்கொள்கிறவன்தான் எப்போதும் சொல்கிறான்; கொடுக்கிறவன் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதே இல்லை. பெரியப்பா அழுதுகொண்டே சொன்னார், நீ அன்பாக எழுதினாய். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாற்றுவதற்கு அவசரம் எதற்கு? என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

பேர் மாறாவிட்டால் கல்யாணம் நின்றுபோகுமோ என்று நீ பயப்படுவது உன் எழுத்திலேயே தெரிந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. நீ அந்தப் பெண்ணை விரும்புகிறாய். எனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. அதனால்தான் உன் கடிதம் வந்தும் பல நாள் பதில் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். போன வாரம் மத்தியானத்தில் அச்சக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் காலேஜ் புத்தகம். நம் சித்தூர் கல்லூரியில்தான் படிக்கிறாள், பாலக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள் என்று உனக்குத்தான் தெரியுமே. உன் அப்பா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "அத்தை, எங்கப்பா கேட்டாருங்களாமா பத்திரிகைய?" என்றாள். ஆமாம் என்றேன். "குடுத்தறாதீங்க" என்றாள்.

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்: "எங்கப்பாரு நல்லவருதானுங்க. ஆனா அவருகிட்டப் போனா எல்லாமே கம்பெனிதானுங்க அத்தை. எனக்கு நகை செஞ்சு வெச்சிருக்காங்க, அதையே ஒரு தடவ கம்பெனிக்குன்னு பேங்குல கொண்டுபோயி வெச்சுத் திருப்புனாங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்க. கேட்டதுக்கு, உன்ர நகைன்னா என்ன, என்ர நகைன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான கண்ணுன்னாரு. அன்னைக்குத்தான் உங்க பொஸ்தகத்தை வாங்கிப் படிச்சனுங்க. இப்ப எனக்காகப் பத்திரிகையக் குடுத்துப்போட்டீங்கன்னா, நானு எதைப் படிக்கறது?" உன் அப்பா கையில் இருந்த எழுத்தைக் கீழே போட்டுவிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். 'கைமுதல்' தொடங்கிய பிறகு யார் திட்டியும் நான் அழுததில்லை.

அவள் சொன்னதை இப்படி அச்சில் போடுகிறேனே என்று பதறாதே. கேட்டுத்தான் போடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டில் உனக்குத் தொல்லை வருமே, 'ஒரு வாசகி' என்று போட்டுவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கையிலிருந்த காலேஜ் புத்தகத்தைக் காகிதக் கட்டின்மேல் வைத்தாள். பிறகு, "வேண்டாமுங்க அத்தை, என்ர பேரையே போடுங்க. எங்கப்பாருகிட்ட நானே இன்னைக்குச் சொல்லிப்போடறேன்" என்றாள். சொல்லியும் விட்டாளாம். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் பந்தல்காரரை வரச் சொன்னாராம். ஆகவே அவள் பேரைப் போடுகிறேன்: சாந்தாமணி. நீ கட்டிக்கொள்ளப்போகிறவள் பயப்படாத இடத்தில் நீ பயந்துகொண்டிருந்தாய் ஐயா. இனியாவது நிமிர்ந்து உட்கார்.

வைகாசியில் நானும் உன் அப்பாவும் பஸ்ஸில் வந்து இறங்குவோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். சம்பந்தியிடம் நன்றாகப் பேசுவேன், அவர் கான்கிரீட்டைப் பற்றிக் கேட்டால் இந்த முறை பதிலும் சொல்வேன். உனக்கு என் ஆசீர்வாதம் முழுதாக உண்டு, அதில் பத்திரிகைக்காக ஒரு துளியும் குறைக்கவில்லை. எனக்குப் பிறகு 'கைமுதல்' யாருக்கு என்பதை நானே முடிவு செய்வேன், யாருக்கு என்று இப்போதைக்குச் சொல்வதாக இல்லை. காகிதம் முடிகிறது என்று உன் அப்பா கையைக் காட்டுகிறார். இது மார்ச் இதழ், சட்டப்படி போட வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வழக்கம்போலப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். முழுப்பேரும் முகவரியும் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. உனக்கு இது போதும். தாத்தா செய்ததைப்போல விரலை வைத்துப் பார்த்துக்கொள்.

அச்சிடுபவர்: உன் அப்பா.
வெளியிடுபவர்: உன் அம்மா.
ஆசிரியர்: உன் அம்மா.
உரிமையாளர்: உன் அம்மா.